ஸக்ரோஸ் மலையில் உப்புக் குவிமாடம் முதலா, மடிப்பு முதலா?

திருநெல்வேலிச்சந்தி

வணக்கம். யாழ். பல்கலைக்கழகத்தில் புவியியல் மூன்றாம் வருடம். மடிப்பு மலைகள் பற்றி ஒரு கருத்தரங்கு செய்ய வேண்டும், நான் ஈரானின் ஸக்ரோஸ் மலைத்தொடரை எடுத்திருக்கிறேன். எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, கூகுள் ஏர்த்தில் அந்த மடிப்புகள் நீளநீளமாக, வரிசையாக அவ்வளவு வடிவாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே அங்கங்கே கருமையாக வட்ட வட்டத் திட்டுகள். அவைதான் உப்புக் குவிமாடங்கள், அதாவது ஆழத்தில் கிடந்த உப்புப் படை மேற்படைகளைத் துளைத்துக்கொண்டு எழும்பிய இடங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் தொட்டதில் இருந்து தலையிடி.

ஒரு கட்டுரை, மலை மடிந்தபோது நெருக்குண்டுதான் உப்பு மேலே பிதுங்கியது என்கிறது. இன்னொன்று, உப்பு அதற்கு எவ்வளவோ முன்னரே மேலே வந்துவிட்டது, மடிப்புகள்தான் பிறகு அதைச் சுற்றி வந்தன என்கிறது. எது சரி? அதோடு, தள்ளுவது ஒரே அரேபியத் தகடுதான், ஆனால் தென்கிழக்கில் பார்ஸ் பக்கம் மடிப்புகள் அவ்வளவு அகலமாகப் பரவிக் கிடப்பதற்கு என்ன காரணம்? "உப்பு ஏன் மேலே வருகிறது" என்று விரிவுரையாளர் கேட்டார், "அடர்த்தி குறைவு சேர்" என்றேன், "அது அரைப் பதில்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிச்ச அரை என்ன?

இங்கே இருந்துகொண்டு இதைக் கற்பனை செய்வது கஷ்டமாக இருக்கிறது. காங்கேசன்துறைப் பக்கம் கல் அகழ்ந்த கிடங்குகளில் பார்த்தால் எங்கள் மயோசீன் சுண்ணாம்புக்கல் படை படையாகத் தட்டையாகக் கிடக்கிறது, மடிப்பு என்ற பேச்சே இல்லை. தெரிந்த அண்ணைமார், அக்காமார் யாராவது விளங்கும்படி சொல்லுங்கள்.

கொடிகாமத்தார்

பிள்ளை, அகலம் பற்றிய கேள்வியை முதலில் எடுப்போம், அதுதான் சுலபம்.

சீமெந்துத் தரையில் காயப்போட்ட நெல்லைப் பலகையால் தள்ளுவதைப் பார்த்திருப்பாய். பலகைக்குக் கிட்ட நெல் உயர்ந்து, முன்னால் போகப் போக மெலிந்து ஆப்பு வடிவத்துக்கு வரும். ஓர் அளவு சரிவு வந்துவிட்டால் அதற்கு மேல் உயராது, முழுக் குவியலுமாகத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சரிவு எவ்வளவு என்பது தரை எவ்வளவு பிடிக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. 1983இல் டேவிஸ், சப்பே, டாலன் என்ற மூவர் மலைத்தொடர்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்த உதாரணம் தாய்வான். அங்கே மலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3 பாகை சமவெளிப் பக்கம் சரிகிறது, அடியில் வழுக்கும் தளம் ஏறத்தாழ 6 பாகை மலைக்குள் இறங்குகிறது, ஆக 9 பாகை ஆப்பு.

1985இல் டேவிஸும் எங்கெல்டரும் அடித்தளத்தில் உப்பு இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். மற்றப் பாறைகளோடு ஒப்பிட்டால் உப்புப் படை எதிர்ப்பே காட்டாது, ஆகவே ஆப்பு 1 பாகை அளவுக்கு மெலிந்து போனாலும் தள்ளுகை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். மலை உயரத்தில் வளர்வதை விட்டு அகலத்தில் வளரும். பார்ஸில் நடந்தது அதுதான். அங்கே அடியில் கிடப்பது ஹோர்மூஸ் உப்பு, வயது 50 கோடி வருடத்துக்கும் மேல், அதன்மேல் பல கிலோமீற்றர் தடிப்புக்குச் சுண்ணாம்புக்கல், மணற்கல், ஷேல். அரேபியா யூரேசியாவை நோக்கி வருவது வருடத்துக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். கசெரூன் பிளவு என்று வடக்குத் தெற்காக ஒன்று ஓடுகிறது, பெருமளவில் அதற்குக் கிழக்கேதான் இந்த உப்பு தடிப்பாகப் படிந்திருக்கிறது, குவிமாடங்களும் அதன் ஓரத்திலும் அதற்குக் கிழக்கேயும்தான். மடிப்புகள் அங்கே 200 கிலோமீற்றரையும் தாண்டிப் பரவுகின்றன.

உப்பு அடியில் இருக்கிறதென்று காட்டிக்கொடுக்கும் இன்னோர் அடையாளம் உண்டு. சாதாரண மலைத்தொடரில் உந்துப் பிளவுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்திருக்கும், அதாவது பின்னால் இருக்கும் பாளம் முன்னால் இருப்பதன்மேல் ஏறும். உப்புக்கு மேலே அப்படி ஒழுங்கு கிடையாது. சில முன்னே ஏறும், சில பின்னே ஏறும், மடிப்புகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிந்து பெட்டி வடிவில் நிற்கும். அடியில் பிடிமானம் இல்லாததால் நெருக்கு விசை ஏறத்தாழக் கிடையாக நிற்கிறது, இரண்டு பக்கமும் உடைவதற்குச் சம வாய்ப்பு. கருத்தரங்கில் இதைச் சொன்னால் கேள்வி கேட்க வந்தவரும் பேசாமல் இருப்பார்.

மஸ்கட்டில் ஒரு வடமராட்சியான்

கொடிகாமத்தார் சேர் சொன்னது சரி. எது முதல் என்ற கேள்விக்கு நான் வருகிறேன். ஓமானில் நில அதிர்வுப் படங்கள் பார்க்கிற வேலை, பல வருடமாக உப்புத்தான் சோறு போடுகிறது.

பெரும்பாலான இடங்களில் உப்புத்தான் முதல். வரைபடத்தில் மடிப்புகள் முடிகிற இடத்துக்குத் தெற்கே பார். பாரசீக வளைகுடாவுக்குள் உப்புக் குவிமாடத் தீவுகள் இருக்கின்றன, அபுதாபியின் சர் பனியாஸ், டல்மா இரண்டும் அப்படிப்பட்டவைதான், அதே ஹோர்மூஸ் உப்பு. மடிப்பு மலை அங்கே இன்னும் போய்ச் சேரவே இல்லை. இங்கே ஓமானின் உட்பாலைவனத்திலும் காரத் கிப்ரித், கார்ன் சாமா என்று சில இடங்களில் உப்பு தரையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. இது ஆரா உப்பு, ஹோர்மூஸ் உப்பின் காலத்தை ஒட்டியது. காரத் கிப்ரித்தில் போய் நின்றால் நாலு பக்கமும் மட்டமான சரளைத் தரை, நடுவில் மட்டும் சாம்பலும் வெள்ளையுமாக உப்பு, அதற்குள்ளே அகப்பட்டு ஆழத்தில் இருந்து தூக்கிக்கொண்டு வரப்பட்ட கரும் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள், சுத்தியலால் தட்டினால் கெட்ட நாற்றம் அடிக்கும். மடிப்பு மலை பிதுக்கித்தான் உப்பு வர வேண்டும் என்றால் இந்த இடத்தில் உப்புக்கு என்ன வேலை?

ஸக்ரோஸுக்கு உள்ளேயும் ஆதாரம் இருக்கிறது. ஸக்ரோஸ் மடிந்தது பெரும்பாலும் கடந்த இரண்டு கோடி வருடத்துக்குள். ஆனால் அதற்கு எத்தனையோ கோடி வருடம் முந்திப் படிந்த படைகள்கூடச் சில குவிமாடங்களை நெருங்க நெருங்க மெலிந்து போகின்றன. அந்தப் படைகள் படியும்போதே கீழே உப்பு மேடு கட்டிக்கொண்டிருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். சில இடங்களில் பழைய படைகளுக்குள்ளேயே ஹோர்மூஸ் கற்துண்டுகள் கிடக்கின்றன, அப்போதே உப்பு வெளியே வந்து அரிபட்டிருக்கிறது.

பிறகு அரேபியா வந்து நெருக்கியபோது, ஏற்கெனவே உப்புத் தூண் நின்ற இடம்தான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம். நெருக்கம் முதலில் அங்கேதான் போகும். தூண் இடுப்பில் ஒடுங்கும், உள்ளே இருந்த உப்பு மேலே போகும், சில நேரம் இரண்டு பக்கப் பாறையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூணே மூடிவிடும், மேலே தலை மட்டும் தனியாக நிற்கும். ஆகவே நீ வாசித்த இரண்டு கட்டுரையும் முழுப் பொய் இல்லை, இரண்டும் வேறு வேறு காலத்தைப் பற்றிக் கதைக்கின்றன. உப்பு பிறந்தது முதலில், வேகம் எடுத்தது மடிந்தபோது.

அந்த வேகத்தை இன்றைக்கும் பார்க்கலாம். புஷேர் பக்கம் தஷ்தியில் கூஹ்-இ-நமக் என்று ஒரு மலை, உச்சியில் இருந்து உப்பு பனியாறுபோலப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. கிறிஸ்தோபர் டால்பட் அதில் குறிகள் வைத்து அளந்து 1980இல் எழுதினார். மழை பெய்து உப்பு நனைந்தால் ஓடுகிறது, காய்ந்தால் நிற்கிறது. உப்பு மணிகளுக்கு இடையே கொஞ்சம் ஈரம் போதும், ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் படிந்து முழு மலையும் நகரும்.

கிளாலிக்காரன்

நல்ல திரி. ஒரு பகிடிக் கேள்வி. ஆனையிறவில் நாங்கள் வாரிக் குவிக்கிற உப்பு இப்படியே பத்துக் கோடி வருடம் கிடந்தால் பரந்தனில் ஒரு மலை வருமா?

பேராதனைப் பழைய மாணவி

வராது தம்பி. 1000 மீற்றர் ஆழக் கடல் நீர் முழுவதும் வற்றினாலும் மிஞ்சுவது 15 மீற்றர் சொச்ச உப்புத்தான், பாத்திகளில் நாங்கள் எடுப்பது விரல் அளவு. குவிமாடம் எழும்ப நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும். அவ்வளவு தடிப்பு வர வேண்டுமென்றால் கடலோடு பாதித் தொடுப்பு மட்டும் உள்ள பள்ளம் ஒன்றுக்குள் நீர் வந்துகொண்டும் வற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். மத்தியதரைக் கடல் ஏறத்தாழ 60 இலட்சம் முதல் 53 இலட்சம் வருடங்களுக்கு முன் அப்படித்தான் ஆனது, ஒரு கிலோமீற்றருக்கும் மேல் உப்பு படிந்த இடங்கள் அங்கே உண்டு.

சேர் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், மறுப்பு இல்லை. தரை பிடிக்காத நெல் என்று நினைத்தால் உப்பைக் கிரீஸ் பூசிய தரை என்று எடுத்துக்கொள்வார்கள், அது சரியில்லை. மற்றப் பாறையில் மேலே எவ்வளவு பாரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு உராய்வு கூடும். உப்பில் பாரம் கூடினால் எதிர்ப்புக் கூடாது. அது பாகு, எவ்வளவு வேகமாக இழுக்கிறோம், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துத்தான் எதிர்ப்பு. உப்பு ஒழுகி மெலிந்து போன இடத்தில் அதே தளம் திடீரென்று பிடிக்கத் தொடங்கும், உந்துப் பிளவுகள் அங்கேதான் மேலே ஏறப் பார்க்கும்.

திருநெல்வேலிச்சந்தி

எல்லோருக்கும் கனக்க நன்றி. மிச்ச அரைப் பதில் இன்னும் வரவில்லையே! மற்றது, பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கலாமா? நாட்டு மருந்துக் கடையில் விற்கிற இந்துப்பு அங்கே கேவ்ராச் சுரங்கத்தில் இருந்து வருவதாகச் சொல்கிறார்கள். வயது ஏறத்தாழ அதே வயது, ஆனால் அங்கே ஸக்ரோஸ் மாதிரி வட்ட வட்டக் குவிமாடங்கள் தெரியவில்லை.

மஸ்கட்டில் ஒரு வடமராட்சியான்

அரைப் பதில் இதோ. உப்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.2 கிராம், எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் பெரிதாக மாறாது. புதிதாகப் படிந்த சேறும் மணலும் அதைவிட இலேசானவை. கிலோமீற்றர் கணக்கில் புதைந்து இறுகிய பிறகுதான் அவை உப்பை மிஞ்சும். அப்படியானால் ஆழமில்லாத இடத்தில் உப்பு மேலே வரவே கூடாது, ஆனால் வருகிறது. அடுத்தது, மேலே கிடக்கிற பாறை தண்ணீர் இல்லை, அதற்கு வலு உண்டு. அடர்த்தி எவ்வளவு குறைந்திருந்தாலும் தடிப்பான ஒரு பாறைக் கூரையை உப்பு தானாக உடைத்துக்கொண்டு வராது.

முன்பு இரண்டையும் திரவமாக வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள், அதனால் எல்லாம் மிதப்பாகத் தெரிந்தது. டெக்ஸாஸில் மார்ட்டின் ஜாக்சனும் புரூனோ வாண்டேவிலும் பாறைக்குக் காய்ந்த மணலும் உப்புக்குச் சிலிக்கோன் பசையும் வைத்துப் பெட்டிக்குள் செய்து பார்த்தார்கள். 1992இல் அவர்கள் சொன்னது, கூரையை யாராவது முதலில் பலவீனமாக்க வேண்டும் என்பது. நிலம் இழுபட்டுப் பிளந்தால் அந்த இடைவெளிக்குள் உப்பு ஏறும். கூரை மெலிந்ததும் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்த பிறகு சுற்றிலும் மண் படியப் படிய, தலையை மேற்பரப்பிலேயே வைத்துக்கொண்டு உயர்ந்துகொண்டே இருக்கும். இதில் கடைசிக் கட்டம்தான் மிக நீளமானது, பல கோடி வருடம் ஓடும். இதோடு ஒரு பக்கம் பாரம் கூட, மறுபக்கம் குறைய என்று இருந்தாலே போதும், ஆற்று வண்டல் ஒரு பக்கம் குவிந்தால் உப்பு மற்றப் பக்கம் ஒதுங்கும். விரிவுரையாளர் எதிர்பார்த்தது பார வித்தியாசமும் கூரையின் வலுவுமாகத்தான் இருக்க வேண்டும்.

பேராதனைப் பழைய மாணவி

பாகிஸ்தானைக் கட்டாயம் சேர், ஒரே உப்பு எவ்வளவு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உப்பு மலைத்தொடருக்கு வடக்கே பொட்வார் மேட்டுநிலம். 100 கிலோமீற்றர் அளவுக்குப் பெரிய சரிவே இல்லாத நிலம், அடியில் உப்பு, வழுக்கும் தளம் வடக்கே ஓரிரு பாகைதான் சாய்கிறது. அந்த முழுப் பாளமும் பெரிதாக நொறுங்காமல் தெற்கே நகர்ந்திருக்கிறது. வருகிற வழியில் அடிப்பாறையில் பழைய பிளவு ஒன்று, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயரப் படி மாதிரி நிற்கிறது. அதில் முட்டியதும் பாளம் முன்னே போக வழியில்லாமல் மேலே ஏறியது, ஏறிய நெற்றிதான் உப்பு மலைத்தொடர். மலையடியில் பார்த்தால் 50 கோடி வருடத்துக்கு மேற்பட்ட உப்பும் சிவப்புக் களியும் பஞ்சாப் சமவெளியின் இளம் படிவுகள்மேல் ஏறிக் கிடக்கின்றன. 20 கிலோமீற்றருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அங்கே உப்பு தூணாக எழும்பி வெளியே வரவில்லை, பாளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு உந்துப் பிளவோடு வெளியே வந்தது.

இந்த உப்பின் வயதைப் பற்றி 1940களில் பெரிய சண்டை. தாவரப் புதைபடிவ நிபுணர் பீர்பால் சாஹ்னி உப்புக்குள் நுண்ணிய தாவரத் துணுக்குகளைக் கண்டு, இது ஈயோசீன் காலத்து உப்பு, அதாவது ஏறத்தாழ ஐந்து கோடி வருடம்தான் பழையது என்று வாதாடினார். உப்புக்கு மேலே கிடப்பதோ ஏறத்தாழ 50 கோடி வருடப் பழமையான கேம்பிரியன் மணற்கல். அவர் சொன்னது சரி என்றால் இளையதன்மேல் முதியது, ஆக இரண்டுக்கும் நடுவே பிரமாண்டமான ஓர் உந்துப் பிளவு இருந்தே ஆக வேண்டும். உப்பு கேம்பிரியன் காலத்தை ஒட்டியது என்றால் அந்த இடத்தில் பிளவே தேவையில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததுதான், உந்துப் பிளவு உப்புக்குக் கீழே. வயதை மாற்றினால் மலையின் அமைப்பே மாறிவிடுகிறது, பார்! முடிவில் பழைய வயதே நின்றது, துணுக்குகள் பிற்காலத்தில் வந்து கலந்தவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சாஹ்னியைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்தில் கோஹாட்டில் பஹதூர் கேல் உப்பு உண்மையிலேயே ஈயோசீன்தான்.

கொடிகாமத்தார்

சாஹ்னி விசயம் நல்ல கதை, அதை வைத்தே கருத்தரங்கைத் தொடங்கலாம். பாகு பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு நெல் போதும், பல்கலைக்கழகத்துக்குப் போதாது.

திருநெல்வேலிச்சந்தி

சரி, இப்போது வழி தெரிகிறது. ஒரு குறுக்குவெட்டுப் படம் கீற வேண்டும், பார்ஸில் கீறவா, மேற்கே டெஸ்புல் பக்கம் கீறவா? படத்தில் மடிப்புகள் நன்றாகத் தெரிய நிலைக்குத்து அளவை நாலு மடங்கு கூட்டலாம் என்று நினைக்கிறேன்.

மஸ்கட்டில் ஒரு வடமராட்சியான்

ஐயோ, கூட்டாதே! சேர் சொன்ன 1 பாகையும் 9 பாகையும்தான் உன் முழு வாதமும். நிலைக்குத்தை நாலு மடங்காக்கினால் 1 பாகை 4 பாகையாகத் தெரியும், பிளவுகள் எல்லாம் செங்குத்தாக நிற்கும், பெட்டி மடிப்பு ஊசி மடிப்பாகிவிடும். இரண்டு அளவும் ஒன்றாகவே இருக்கட்டும், தாள் போதாவிட்டால் இரண்டு தாளை ஒட்டு.

பார்ஸில் கீறு, அங்கே அடி உப்பு ஒன்றுதான் பிரதான கதை. டெஸ்புலில் இன்னொரு சிக்கல். அங்கே எண்ணெய் இருக்கிற அஸ்மாரிச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே கச்சாரான் என்று மயோசீன் காலத்து உப்பும் அன்ஹைட்ரைட்டும் (நீர் இல்லாத ஜிப்சம் மாதிரி ஒரு கனிமம்) உள்ள படை. அது மூடியாக நின்று எண்ணெயைக் காக்கிறது, அதே நேரம் தானும் ஒழுகுகிறது. அதனால் மேற்பரப்பில் தெரிகிற மேல்மடிப்புக்கு நேர் கீழே அஸ்மாரியின் மேல்மடிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது, விலகி வேறு இடத்தில் நிற்கும். 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்த பிறகு அந்தப் பகுதியில் துளையிட்டவர்களுக்கு இது பெரிய தலையிடி. இரண்டு வழுக்குத் தளத்தையும் ஒரே படத்தில் போட்டால் கருத்தரங்கு நேரம் முழுக்க அதை விளக்குவதிலேயே போய்விடும்.

கீறி முடிந்ததும் படத்தை இங்கே போடு. அடி உப்பை ஒரே தடிப்பில் நீட்டாகக் கீறாமல், மேல்மடிப்புகளின் மையத்தில் தடிப்பாக்கி, கீழ்மடிப்புகளுக்குக் கீழே மெல்லியதாக்கிக் கீறு. உப்பு ஓடிப் போய்ச் சேர்ந்த இடமும் விட்டுப் போன இடமும் அப்போதுதான் தெரியும்.